மிளகு எலியின் பூர்வீகம்

எலி என்றதும் நம் நினைவுக்கு வருபவை நெல் மூட்டையும் எலிப்பொறியும்தாம். வரப்பைத் துளைக்கும் வயல் எலி, மோட்டில் ஓடும் வீட்டெலி, சாக்கடையில் திரியும் பெருச்சாளி, பெட்டிக்குள் குட்டி போடும் சுண்டெலி என நாம் நாள்தோறும் காண்பவை நான்கைந்து வகைகளே. ஆனால் எலி, அணில், முள்ளம்பன்றி முதலியவற்றை ஒன்றாகச் சேர்த்து விலங்கியலார் ‘கொறிவிலங்குகள்’ என அழைக்கும் வரிசையில் ஏறத்தாழ 2,500 சிற்றினங்கள் இருக்கின்றன. உலகில் வாழும் பாலூட்டிச் சிற்றினங்களைப் பத்துப் பங்காக்கினால் அவற்றில் நான்கு பங்கு கொறிவிலங்குகளே.

இவ்வளவு பெரிய கூட்டத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சில குடும்பங்களில் நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் பல்கிப் பெருகியுள்ளன. வேறு சிலவற்றிலோ ஒரே ஒரு வாரிசுதான் எஞ்சியிருக்கிறது. பங்காளிகள் அனைவரும் பாறைக்குள் புதைபடிவங்களாகக் கிடக்கின்றனர். அவ்வாறு தனித்து நிற்கும் ஒரு கிளையின் பிரதிநிதி நம் தமிழ்நாட்டு மலைகளிலேயே வாழ்கிறது. பசுமலையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால், அது வாழும் களக்காடு மலைகள் 200 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கின்றன. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டோம். அதன் வரலாறு 1859-ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

கல்கத்தாவுக்குச் சென்ற எலி

அக்காலத்தில் கல்கத்தாவிலிருந்த வங்காள ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக எட்வர்ட் பிளைத் என்னும் ஆங்கிலேயர் பணியாற்றி வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பறவைத் தோல்களும் விலங்கு எலும்புகளும் அவருக்கு வந்துகொண்டிருந்தன. திருவிதாங்கூர் மலைப்பகுதியில் முண்டக்கயத்தைச் சுற்றிச் சமயப் பணியாற்றிய ஹென்றி பேக்கர் என்னும் பாதிரியார் அனுப்பிய எலி ஒன்று பிளைத்தின் கவனத்தைக் கவர்ந்தது. அதன் முதுகு மயிரினூடே தட்டையான முட்கள் விரவிக் கிடந்தன. வாலின் நுனிப்பகுதியோ தூரிகை போல் அடர்ந்த மயிருடன் வெண்மையாக முடிந்தது. இத்தகைய எலியை அவர் அதற்கு முன் கண்டதில்லை. எனவே புதிய பேரினம் ஒன்றை ஏற்படுத்தி, ‘பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ்’ எனப் பெயரிட்டார். ‘தட்டை முள் எலி, மயிரடர்ந்த வாலுடையது’ என்பது இக்கிரேக்கச் சொற்களின் பொருள்.

நம் ஊர்ப்புறங்களில் முள்ளெலி எனப்படும் உயிர் வேறு. செம்மண் தேரிகளிலும் கரிசல் ஓரங்களிலும் இரவில் பூச்சி தேடித் திரிந்து, தொட்டால் பந்து போல் சுருண்டுகொள்ளும் அந்த முள்ளெலி, பெயரில் எலியாக இருந்தாலும் கொறிவிலங்கே அன்று. குழப்பம் நேராதிருக்க, பிளைத் பெயரிட்ட விலங்கை இக்கட்டுரையில் ‘முள் மரச்சுண்டெலி’ என அழைப்போம். தலையும் உடலும் சேர்ந்து சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். வால் அதைவிடச் சற்றுக் குறைவு. பெரிய மரங்களின் பொந்துகளில் இலைகளையும் பாசியையும் மெத்தையாக இட்டு வாழ்வது. இரவில் இரை தேடுவது.

பேக்கர் பின்னர் எழுதிய குறிப்புகள் சுவையானவை. மலைவாழ் மக்கள் இதனை ‘மிளகு எலி’ என்றே அழைத்தனராம். பழுத்த மிளகைப் பெருமளவு தின்று தீர்ப்பதால் வந்த பெயர் அது. பலாவும் அயினிப்பலாவும் இதற்கு விருப்பமானவை. கூந்தற்பனையில் கட்டிய கள் பானைகளின் மூடியைக் கடித்துத் திறந்து உள்ளே இறங்கிவிடுமாம். அவ்வாறு பானைக்குள் பாதி மூழ்கிய நிலையில் இரண்டு எலிகள் அவரிடம் கொண்டுவரப்பட்டன. ஒரே காலைப் பொழுதில் 16 எலிகளைச் சேகரித்ததாகவும் அவர் எழுதியுள்ளார். அன்று அது அரிய விலங்கன்று என்பது இதனால் விளங்கும்.

பல் சொல்லும் சாட்சி

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் இந்த எலி யாருக்குச் சொந்தம்? ஐரோப்பாவில் ‘டார்மவுஸ்’ என்றொரு கொறிவிலங்குக் குடும்பம் உண்டு. அவை குளிர்காலம் முழுவதும் உறங்குபவை. மயிரடர்ந்த வாலுடன் மரங்களில் வாழ்பவை. தோற்றத்தில் நம் மரச்சுண்டெலி அவற்றை ஒத்திருந்தது. கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் சாய்வாக ஓடும் வரிமேடுகளும் டார்மவுஸின் பற்களை நினைவூட்டின. எனவே பிளைத் இதனை டார்மவுஸ்களோடு சேர்த்தார். இன்றும் ஆங்கில நூல்கள் பலவற்றில் அது ‘மலபார் முள் டார்மவுஸ்’ என்றே குறிப்பிடப்படுகிறது.

ஆனால் பற்களின் வடிவம் ஒன்று சொல்ல, எண்ணிக்கை வேறொன்று சொன்னது. டார்மவுஸின் தாடையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு முன்கடைவாய்ப் பல்லும் மூன்று கடைவாய்ப் பற்களும் உண்டு. வெட்டுப்பற்களையும் சேர்த்தால் மொத்தம் 20. நம் மரச்சுண்டெலிக்கு முன்கடைவாய்ப் பல்லே இல்லை. மொத்தம் 16 பற்கள்தாம். வீட்டுச் சுண்டெலிக்கும் அதே 16. ஆகவே ஆல்ஸ்டன் என்னும் விலங்கியலார் 1876-இல் இதனை எலிக் குடும்பத்துள் ஒரு தனிக் கிளையாக வைத்தார். ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. 1945-இல் அமெரிக்க அறிஞர் சிம்ப்சன் வெளியிட்ட புகழ்பெற்ற பாலூட்டி வகைப்பாட்டில், இது தனிக் குடும்பமாக்கப்பட்டு மீண்டும் டார்மவுஸ்களின் அருகில் அமர்த்தப்பட்டது.

இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் தென்பட்டார். 1877-இல் பிரெஞ்சு விலங்கியலார் மில்ன்-எட்வர்ட்ஸ், தென்கிழக்குச் சீனாவின் புஜியான் மலைகளிலிருந்து வந்த ஓர் எலிக்கு ‘டிஃப்லோமிஸ்’, அதாவது ‘குருட்டெலி’ எனப் பெயரிட்டார். அதற்கு முட்கள் இல்லை. கண்கள் மிகச் சிறியவை. ஆனால் பற்களின் எண்ணிக்கையும் அமைப்பும் நம் மரச்சுண்டெலியோடு பொருந்தின. இன்று தெற்குச் சீனாவிலும் வடக்கு வியட்நாமிலும் இக்குருட்டெலிப் பேரினத்தில் சில சிற்றினங்கள் வாழ்கின்றன. இரு கிளைகளுக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் இந்தச் சொந்தத்தில் வேறு எவரும் இல்லை.

இரு கிளைகளும் ஒரே குடும்பமானால், அக்குடும்பத்தின் இடம் எது? 2009-இல் ஜான்சாவும் அவர்தம் குழுவினரும் சீனக் குருட்டெலியின் மரபணுக்களை ஆராய்ந்து விடை கண்டனர். இக்குடும்பம் டார்மவுஸ்களைச் சேர்ந்ததன்று. எலி, சுண்டெலி, வெள்ளெலி முதலிய அனைத்தையும் உள்ளடக்கிய பெருங்குடும்பத்திலிருந்து முதன்முதலில் பிரிந்த கிளையே இது. உலகப் பாலூட்டிச் சிற்றினங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அப்பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அத்தனைக்கும் ‘ஒன்றுவிட்ட’ மூத்த கிளை, களக்காட்டு மலையில் மிளகு தின்றுகொண்டிருக்கிறது!

கேட்டுப் பார்க்கும் குருட்டெலி

இயற்பியல் படித்தோருக்கு இக்குடும்பத்தில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. கண் மங்கிய குருட்டெலி இருட்டில் கிளைக்குக் கிளை விரைந்து ஓடுவது எவ்வாறு? 2017-இல் வியட்நாமியக் குருட்டெலியையும், 2021-இல் நான்கு சிற்றினங்களையும் ஆராய்ந்தவர்கள், அவை வௌவாலைப் போலக் கேளா ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழி அறிகின்றன எனக் காட்டினர். செவிகளை அடைத்தபோது இருளில் அவை தடுமாறின. நாவடி எலும்புத் தொகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றெலும்பு செவியெலும்புடன் இணைந்திருக்கும் அமைப்பும், குரல்வளையால் ஒலி எழுப்பும் வௌவால்களை ஒத்திருக்கிறது.

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கிளையில் பட்டு எதிரொலி திரும்ப, ஒலி இரண்டு மீட்டர் செல்லவேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. நம் பேச்சொலியின் அலைநீளம் பெரிது. மெல்லிய சுள்ளியைச் சுற்றி வளைந்து போய்விடும். நொடிக்கு 68,000 அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளமோ 5 மில்லிமீட்டர்தான். எனவே சுள்ளியும் எதிரொலி தரும். கேளா ஒலியை இவ்வெலிகள் கையாள்வதன் காரணம் இதுவே. கண்ணின் இழப்பைக் காது ஈடுசெய்திருக்கிறது.

நிலக்கரிச் சுரங்கத்தில் பங்காளிகள்

மதுரையைச் சுற்றியுள்ள பசுமலை, திருப்பரங்குன்றம், யானைமலை ஆகியவற்றின் பாறைகளை எவ்வளவு உடைத்தாலும் ஓர் எலிப் பல் கிடைக்காது. அவை பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள். பாலூட்டி இனமே தோன்றுவதற்கு மிக முன்பே உருவானவை. பழைய எலிகளைத் தேட ஏரிச் சேற்றிலும் ஆற்று வண்டலிலும் பழுப்பு நிலக்கரியிலும் தோண்டவேண்டும்.

அவ்வாறு தோண்டியவர்கள் எதிர்பாராத இடங்களிலெல்லாம் இக்குடும்பத்தைக் கண்டனர். 1953-இல் ஷாப், சாப்பே என்னும் இருவர், இன்றைய ஸ்லோவாக்கியாவில் ஒரு பாறைப் பிளவில் கிடைத்த பற்களைக் கொண்டு ‘நியோகோமெட்டிஸ்’ என்ற அழிந்துபோன பேரினத்தை விவரித்தனர். அதே பேரினத்தின் மற்றொரு சிற்றினம் 1990-இல் தாய்லாந்தின் லி படுகை நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. ஆக, மயோசீன் என்னும் காலத்தில் இக்குடும்பம் ஐரோப்பா முதல் தாய்லாந்து வரை பரவியிருந்தது. 1989-இல் சீனாவின் யுனான் மாநிலத்திலுள்ள லூஃபெங் நிலக்கரிப் படிவத்திலிருந்து, நம் மரச்சுண்டெலியின் சொந்தப் பேரினத்தையே சேர்ந்த ஒரு சிற்றினம் விவரிக்கப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 60 முதல் 80 லட்சம் ஆண்டுகள். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் பேரினம் ஒரு காலத்தில் சீனாவில் வாழ்ந்திருக்கிறது. அங்கே அது மறைந்தது. இங்கே ஒரே ஒரு சிற்றினமாக எஞ்சியது.

சந்தையில் கிடைத்த ‘இறந்தவர்’

தாய்லாந்தின் அதே சுரங்கத்தில் மற்றொரு கொறிவிலங்கின் பற்களும் கிடைத்தன. அதன் பேரினம் ‘டயாட்டோமிஸ்’. 1974-இல் சீன அறிஞர் லி சுவான்குயி, ஷாண்டோங் மாநிலத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான மெல்லிய ஏட்டுப் பாறைகளில் கிடைத்த புதைபடிவத்துக்கு இட்ட பெயர் அது. இக்குடும்பம் சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அற்றுப்போயிற்று என்பதே அறிஞர் அனைவரின் துணிபாக இருந்தது.

1996-இல் லாவோஸ் நாட்டின் கம்முவான் மாநிலத்தில், தக்கேக் நகரை அடுத்த சந்தையொன்றில் இறைச்சிக்காக வைக்கப்பட்டிருந்த விந்தையான எலி ஒன்றை ராபர்ட் டிம்மின்ஸ் என்னும் ஆய்வாளர் கண்டார். கருஞ்சாம்பல் நிறம், அணில் போன்ற வால், சுமார் 400 கிராம் எடை. உள்ளூர் மக்களுக்கு அது நன்கு தெரிந்த உணவு. ‘கா-நியூ’ என்று பெயரும் வைத்திருந்தனர். பின்னர் கிராமத்தார் தந்த உடல்களையும் ஆந்தை கக்கிய எலும்புத் துணுக்குகளையும் கொண்டு, 2005-இல் பாலினா ஜென்கின்ஸ் உள்ளிட்ட நால்வர் அதனை ‘லாவோனாஸ்டிஸ்’ எனப் பெயரிட்டு, புதிய குடும்பம் ஒன்றையே ஏற்படுத்தினர்.

மறு ஆண்டே கதை மாறியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி அருங்காட்சியகத்தின் மேரி டாசனும் அவர்தம் குழுவினரும், இவ்விலங்கின் தாடையையும் பற்களையும் டயாட்டோமிஸ் புதைபடிவங்களோடு ஒப்பிட்டனர். இது புதிய குடும்பமன்று. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட பழைய குடும்பமே எனக் காட்டினர். 1974-இல் அந்தப் புதைபடிவத்துக்குப் பெயரிட்ட லி சுவான்குயியும் அக்குழுவில் ஒருவர். தாம் கல்லில் கண்ட விலங்கின் வழித்தோன்றல் உயிரோடு இருப்பதைத் தம் வாழ்நாளிலேயே காணும் பேறு எத்தனை அறிஞருக்குக் கிட்டும்? அதே 2006-இல் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ரெட்ஃபீல்டும் தாய்லாந்து உயிரியலார் உதை திரீசுகோனும் லாவோஸ் சென்று, கிராமத்தார் உயிருடன் பிடித்துத் தந்த ஒன்றைப் படம்பிடித்து, மீண்டும் அதன் பாறையிடுக்கிலேயே விட்டனர். 2007-இல் வெளியான மரபணு ஆய்வு, வட ஆப்பிரிக்கப் பாறைகளில் வாழும் ‘குண்டி’ என்னும் கொறிவிலங்குகளே இதற்கு நெருங்கிய உறவு என்றும், இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 4.4 கோடி ஆண்டுகள் ஆயின என்றும் கணித்தது.

மாண்டவர் மீண்டதாகத் தோன்றும் இந்நிலையைத் தொல்லுயிரியலார் ‘லாசரஸ் விளைவு’ என்பர். இறந்து நான்கு நாள் ஆனபின் கல்லறையிலிருந்து எழுந்துவந்த விவிலியப் பாத்திரத்தின் பெயர் அது. ஆனால் உண்மையில் எவரும் மீளவில்லை. நம் பதிவேட்டில்தான் இடைவெளி. கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் எண்ணியின் திறன் குறைவாக இருந்தால், அது மௌனமாக இருப்பதைக்கொண்டு அங்கே கதிரியக்கமே இல்லை என்று சொல்ல முடியுமா? புதைபடிவப் பதிவும் அத்தகைய கருவியே. மழைக்காட்டின் அமில மண் சிறு எலும்புகளை விரைவில் கரைத்துவிடும். எண்ணிக்கை குறைந்து, காட்டு மலைகளில் ஒதுங்கி வாழும் சிற்றுயிர் பாறையில் பதிவாகும் வாய்ப்பு மிகக் குறைவு.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. லாவோஸ் எலியின் குடும்பத்தில் இன்று சேர்க்கப்படும் பழம் பேரினங்களுள் ‘ஃபாலோமஸ்’ ஒன்று. 1986-இல் பாகிஸ்தானின் பலுசிஸ்தானிலிருந்து அது முதலில் விவரிக்கப்பட்டது. 1998-இல் நந்தா, அசோக் சாஹ்னி ஆகிய இந்திய அறிஞர்கள் லடாக்கின் கார்கில் பகுதிப் பாறைகளிலிருந்து அதன் மற்றொரு சிற்றினத்தை அறிவித்து, ‘லடாக்கென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். லாவோஸ் எலி அறிவியலுக்கு அறிமுகமாகும் முன்பே அதன் மூதாதையர் கிளை ஒன்று நம் நாட்டுப் பாறையில் அகப்பட்டிருந்தது. அன்று அதன் பங்காளி சந்தையில் விற்கப்படுவது எவருக்கும் தெரியாது!

ஏன் இவை மட்டும் எஞ்சின?

மயோசீன் காலத்தில் ஆசியாவின் பெரும்பகுதி வெப்பமும் ஈரமும் மிக்க காடாக இருந்தது. பின்னர் பருவநிலை வறண்டது. சிவாலிக் படிவங்களின் மண்ணை ஆராய்ந்ததில், சுமார் 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடுகள் சுருங்கிப் புல்வெளிகள் பரவியது தெரியவந்தது. திறந்த வெளிகளில் விரைவாகப் பெருகும் எலியினங்கள் செழித்தன. மரத்தையும் நிழலையும் நம்பிய பழங்குடும்பங்கள், மழை பொய்க்காத மலைகளுக்குள் ஒடுங்கின என்பதே பொருத்தமான விளக்கமாகக் கொள்ளப்படுகிறது. லாவோஸ் எலிக்குச் சுண்ணாம்புக் குன்றுகளின் இடுக்குகள் அடைக்கலம் தந்தன. நம் மரச்சுண்டெலிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு அடைக்கலம் தந்தது.

இத்தகைய உயிர்களை ‘வாழும் புதைபடிவம்’ என அழைப்பது வழக்கம். கவர்ச்சியான சொல்தான், ஆனால் அவை மாறாமல் உறைந்துபோனவை எனப் பொருள்கொள்ளலாகாது. 2012-இல் வெளியான ஆய்வில், லாவோஸ் எலிகளின் கூட்டங்களுக்கிடையே ஆழ்ந்த மரபணு வேறுபாடுகள் காணப்பட்டன. குன்றுக்குக் குன்று அவை தனித்தனியே மாறிக்கொண்டிருக்கின்றன. அதே ஆண்டில் எல்லைக்கு அப்பால் வியட்நாமிலும் அவ்வெலி வாழ்வது உறுதியாயிற்று.

இன்று நம் மலைகளில்

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காக்காச்சிப் பகுதியில், வெடிப்பலா என்னும் பெருமரம் பூக்கும் பருவத்தில் ஆய்வாளர்கள் இரவும் பகலும் காத்திருந்து பார்த்தனர். அப்பூக்களுக்கு இதழ்கள் இல்லை. சாறு நிறைந்த சதைப்பற்றான புல்லிவட்டமே உண்டு. பகலில் சிங்கவால் குரங்கும் மலை அணிலும், இரவில் வௌவாலும் மரச்சுண்டெலியும் அவற்றைத் தேடி வந்தன. 2000-இல் வெளியான அந்த ஆய்வு, பூச்சிகளைவிடப் பாலூட்டிகளே இம்மரத்தின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவக்கூடும் என எண்ண இடந்தந்தது. வெடிப்பலா அக்காட்டின் முதன்மையான மரங்களுள் ஒன்று. அதன் கனியை உண்டு சிங்கவால் குரங்கு வாழ்கிறது. மிளகு தின்னும் எலி, காட்டின் கணக்கில் வெறும் செலவினம் அன்று, வரவினமும் ஆகும்.

ஆனால் மனிதர் எழுதிய கணக்கில் அது நெடுங்காலம் வேறு பத்தியில் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என ஒன்று இருந்தது. தீங்குயிர்களின் பட்டியல் அது. காகம், பழவௌவால் ஆகியவற்றோடு ‘எலிகள், சுண்டெலிகள்’ என ஒட்டுமொத்தமாக அதில் எழுதப்பட்டிருந்தது. வீட்டு மூட்டையைக் கிழிக்கும் எலியையும், காட்டை விட்டு இறங்காத உயிர்களையும் ஒரே சொல் விழுங்கிவிட்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் நம் மரச்சுண்டெலி ‘அழிவுக்கு இலக்காகக்கூடியது’ என்னும் நிலையில் வைக்கப்பட்டுள்ளது. முதிர்ந்த மரங்களின் பொந்தே அதன் வீடு. காடு தோட்டமாகும்போதும் சாலைகளால் துண்டாகும்போதும் அந்த வீடு முதலில் போகிறது. வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நடலாம். பொந்துள்ள மரம் உருவாக ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்.

ஓர் எலிச் சிற்றினம் போனால் என்ன குடி முழுகிவிடும் எனச் சிலர் கேட்கலாம். நூறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவர் மறைவது துயரம். ஆயினும் வம்சம் தொடரும். ஒரே வாரிசு மறைந்தால் வம்சமே முடிந்துவிடும். முள் மரச்சுண்டெலி மறையுமானால், அதனோடு ஒரு பேரினம் முழுவதும் மறையும். லூஃபெங் நிலக்கரியில் கிடைத்த பற்களை ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள சான்று ஒன்றும் இராது. டார்மவுஸா, எலியா என்ற வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்து தீர்ந்தது உயிரோடு இருந்த சாட்சிகளால்தான்.

லாவோஸ் எலியை அறிஞர் அறியுமுன் சந்தைக்கு வந்த பெண்கள் அறிந்திருந்தனர். மரச்சுண்டெலியைக் கல்கத்தா அறியுமுன் மலைமக்கள் மிளகு எலியென அறிந்திருந்தனர். களக்காடு, மேகமலை, வால்பாறைப் பகுதிகளில் வாழும் பள்ளி மாணவர்கள் தம் ஊர்ப் பெரியோரிடம் காட்டு எலிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். எந்த மரத்தில் எது வாழ்கிறது, எந்தப் பூ எப்போது மலர்கிறது, இரவில் எது வருகிறது என்ற குறிப்புகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். ஏடுகளில் இல்லாத செய்திகள் பல இன்னும் அம்மலைகளில் உள்ளவர்களின் நினைவில் இருக்கின்றன.